பன்னிரண்டு பெட்டிகள்

மேனேஜர் மேசையில் கிடந்த சீட்டைப் படித்ததிலிருந்து கிடங்குக்காரருக்குத் தலை சுற்றியது.

'84 பென்சில், 60 ரப்பர். எதுவும் மிஞ்சாமல், எல்லாப் பெட்டிகளிலும் ஒரே மாதிரி இருக்கும்படி அடுக்குக. பெட்டிகள் முடிந்த மட்டும் அதிகமாக இருக்க வேண்டும்.' கீழே சிவப்பு மையில், 'நாளை கட்டாயம் வேண்டும்.'

"எத்தனை பெட்டின்னே போடலியே!" என்று பேக்கிங்காரம்மாவிடம் புலம்பினார்.

"அவர்கிட்டயே கேளுங்களேன், அண்ணே."

"வேற வினையே வேண்டாம். இன்னொரு தப்பு பண்ணினா வீட்டுக்குப் போயிடலாம்னு நேத்துதான் சொன்னாரு."

சீல் வைத்த பாக்கெட்டுகளைப் பிரித்து இரண்டு பெட்டி போட்டார்கள். பெட்டிக்கு நாற்பத்திரண்டு பென்சில், முப்பது ரப்பர்.

"ரெண்டும் இன்னும் பாதியாகுமே," என்றார் பேக்கிங்காரம்மா.

கொட்டினார்கள். நான்கு பெட்டி. பெட்டிக்கு இருபத்தொரு பென்சில், பதினைந்து ரப்பர். கிடங்குக்காரர் மூச்சு விடுவதற்குள் அந்தம்மா அடுத்த குண்டைத் தூக்கிப் போட்டார்.

"இப்பவும் ரெண்டுமே மூணால வகுபடுதே!"

அப்படியானால் பன்னிரண்டு பெட்டி. அத்தனை பெட்டி கையிருப்பில் இல்லை. கிடங்குக்காரர் ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வெட்டி, ஒட்டி, விரலையும் சேர்த்து ஒட்டிக்கொண்டார். பிறகு பெட்டிக்கு ஏழு பென்சில், பதினைந்து ரப்பர் என்று மளமளவென நிரப்பினார். நாலாவது பெட்டியோடு ரப்பர் தீர்ந்துவிட்டது.

"ரப்பரை யாரு எடுத்தது?"

"யாரும் எடுக்கல. பென்சிலை மட்டும் மூணால வகுத்துட்டு ரப்பரை அப்படியே விட்டா எப்படி? பெட்டிக்கு அஞ்சுதான் வரும்!"

மறுபடியும் கொட்டினார்கள். ஒருவழியாகப் பன்னிரண்டு பெட்டி, ஒவ்வொன்றிலும் ஏழு பென்சில், ஐந்து ரப்பர்.

"இனிமே பிரிக்க முடியுமா?" ஒட்டிய விரலைப் பிய்த்துக்கொண்டே கேட்டார் கிடங்குக்காரர்.

"ஏழுக்கும் அஞ்சுக்கும் பொதுவா ஒண்ணைத் தவிர எதுவும் இல்ல. பிழைச்சீங்க."

சீட்டின் அடியில் அவர், '84 + 60 = 12 × (7 + 5)' என்று கொட்டை எழுத்தில் எழுதினார். வேலை தப்பிய சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

அப்போது மேனேஜரின் டிரைவர் அவசரமாக உள்ளே நுழைந்தார். பிரிந்து கிடந்த பாக்கெட்டுகளைத் தாண்டி வந்து, சீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அப்பாடா, விடையும் போட்டாச்சா! ஐயாகிட்ட கொடுத்த வீட்டுப்பாடத்தைக் காணோம்னு அவரு பொண்ணு வீட்டுல ஒரே அழுகை."