வண்ணார்பேட்டைப் பசுமைக் கட்டில்

தன் தொழிலைப் பற்றி ஒருவனுக்கு நிறையத் தெரிந்திருப்பதில் ஆபத்து ஒன்றும் இல்லை. அதை எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கும் ஆசை வந்துவிட்டால்தான் ஆபத்து. பெங்களூரில் உள்அலங்காரம் படித்து முடித்த கையோடு எனக்கு அந்த ஆசை வந்தது. கூடவே தலையில் ஒரு குடுமியும் வந்தது. (குடுமியை உம்மா ஒரே மாதத்தில் ஒழித்துக்கட்டினாள். ஆசையை ஒழிக்க ஒரு நட்சத்திர ஹோட்டல் தேவைப்பட்டது.)

எங்களுக்கு ஊர் மேலப்பாளையம். வாப்பாவுக்குப் பாய்க்கடை. கடையில் பழக்கமான முத்துராஜ் அண்ணாச்சி வண்ணார்பேட்டையில் பெரிதாக ஒரு ஹோட்டல் கட்டி, 'பசுமை ஹோட்டல்' என்று போர்டும் எழுதிவிட்டார். சமையலறைத் தண்ணீர் தோட்டத்துக்குப் போகும், மேல்மாடியில் சூரிய மின்சாரம், அறைகளில் பிளாஸ்டிக் பாட்டில் கிடையாது. வாசலைத் திறந்ததும் வரும் பெரிய லாபியை மட்டும் என்னிடம் ஒப்படைத்தார். அது சரியாக அமைந்தால் மாடியில் இருக்கும் அறைகளும் எனக்கு.

ஆனால் அண்ணாச்சிக்கு லாபி முக்கியமில்லை. அவருக்கு முக்கியம் அத்தை.

அத்தை என்றால் அவர் அப்பாவின் ஒரே தங்கை, ஸ்ரீவைகுண்டம் பேராச்சி அத்தை. வயலும் வாழையுமாக இருப்பவர். அவர் மகள் கல்யாணத்தில் தாய்மாமனாக முன்னால் நிற்க வேண்டிய பெரியவர், அதாவது அண்ணாச்சியின் அப்பா, தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போதுதான் வந்து சேர்ந்தார். வழியில் லாரி கவிழ்ந்துவிட்டதாம். அத்தை நம்பவில்லை. பந்தலில் எல்லார் முன்னிலையிலும், "இனி உன் சாவுக்குக்கூட உன் வாசல மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்த மகளுக்குப் பிறந்த மகள் இப்போது காலேஜில் படிக்கிறாள். அத்தை சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டேதான் இருந்தார்.

இந்த நேரத்தில் பெரியவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் என்று குடும்பமே சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தது. ஆபரேஷனுக்குள் போகும்முன் அவர் மகனிடம் கேட்டது ஒன்றுதான். ஹோட்டல் திறப்பு விழாவுக்குத் தங்கச்சி வர வேண்டும்.

அண்ணாச்சி அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்.

"அத்தை வாரேன்னுட்டாவ மாப்ளே. ஆனா வாசல் வரைக்கும்தானாம். வெளிய நின்னு வாழ்த்திட்டுப் போயிருவாவளாம். உள்ள வர வைக்கது உன் பொறுப்பு. பாத்த உடனே கால் தானா உள்ள போகணும். அப்படி ஒரு அலங்காரம் செய்யி."

"கவலையே படாதீங்க அண்ணாச்சி. பாத்தவங்க யாரும் வாசல்ல நிக்க முடியாது."

(சொன்னது சொன்னபடி பலித்தது.)

என்னுடைய கொள்கை எளிமையானது. தாமிரபரணிக்கு இரு கரையிலும் கிடைப்பதைத் தவிர வேறெதுவும் லாபிக்குள் வரக் கூடாது. மறுபடி மண்ணுக்குப் போகாத எதுவும் கூடாது. சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு. விளக்குகளுக்கு வாழைநார்க் கூடு. ஏசிக்குப் பதில் காருகுறிச்சிப் பானைகளை அடுக்கி, அவற்றின் மேல் தண்ணீர் கசிந்து வரும் ஒரு சுவர். இவையெல்லாம் இன்றும் அந்த ஹோட்டலில் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. இத்தோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே வருகிறவர் கண்ணில் முதலில் படும்படி, ஒரு கட்டில் போட நினைத்தேன். வாப்பா சொன்னார், "பத்தமடைப் பாய் ஒண்ணு விரிச்சிப் போடுலே. குளுந்து கெடக்கும்."

"எல்லாரும் பாய்தான் விரிக்காங்க வாப்பா. இந்தக் கட்டில்ல படுக்கவனுக்கு, மண்ணுல இருந்து வந்தோம், மண்ணுக்கே போறோம்ங்கிற நெனப்பு வரணும்."

வாப்பா என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கடையைப் பூட்டப் போனார்.

கட்டில் இப்படி அமைந்தது. பச்சை மூங்கிலில் சட்டம். அதன்மேல் அன்று வெட்டி அன்றே முடைந்த பச்சைத் தென்னை ஓலை. வாடினால் உரக்குழிக்குப் போகும், புதிதாக ஒன்று வரும். அதன்மேல் வெள்ளைக் கதர். தலைமாடு தெற்கே. தலைமாட்டில் உயரமான முக்காலியில் ஒரு மண்பானை. அதில் மூன்று துளை போட்டேன், தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கீழே இருக்கும் துளசித் தொட்டியில் விழுவதற்கு. அந்த மூன்று துளையை யோசித்துப் பிடித்த அன்று நான் தனியாகச் சிரித்துக்கொண்டதுகூட நினைவிருக்கிறது.

படிக்கிறவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்ப வேண்டும். அக்கம்பக்கத்தில் இந்து வீடுகளில் சாவு என்றால் நாங்கள் போவோம், தெருவில் போட்ட நாற்காலியில் உட்காருவோம், கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி வருவோம். ஊர்வலம் தெருவைக் கடக்கும்போது பூ மட்டும்தான் தெரியும். பூவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததில்லை. சுடுகாட்டில் பானையை என்ன செய்வார்கள் என்பதும் தெரியாது. என்னோடு வேலை பார்த்தவர்களும் எங்கள் தெருக்காரர்கள்தான்.

ஓலை முடைய ஆழ்வார்திருநகரிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். பேரம் பேசவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். குனிந்த தலை நிமிராமல் முடைந்தார். முடித்ததும் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் எழுந்து போனார். தொழிலில் இவ்வளவு பக்தியா என்று நான் உருகிப்போனேன்.

திறப்பு விழா அன்று காலை, வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ரிசப்ஷன் பெண் கட்டிலைப் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள்.

"சார், இது டிசைனா?"

"டிசைன்தான்."

அவள் ஒரு குத்துவிளக்கைக் கொண்டுவந்து தலைமாட்டில் ஏற்றிவைத்தாள். ஏன் என்று கேட்டேன். "என்னமோ ஏத்தணும்னு தோணுச்சி சார்" என்றாள். வெளிச்சம் பிரமாதமாக விழுந்தது. நான் அவளைப் பாராட்டினேன்.

சென்னையிலிருந்து குடும்பம் ரயிலில் வந்து நேராக ஹோட்டலுக்கே வந்தது. அண்ணாச்சி வாசலில் அத்தையின் காரை எதிர்பார்த்து நின்றுவிட்டார். "அப்பாவ பக்கத்து வாசல் வழியா பைய உள்ள கூட்டிட்டுப் போ மாப்ளே, அசந்து போயிருக்காவ" என்று சக்கர நாற்காலியை என்னிடம் தள்ளினார்.

லாபிக்குள் போனதும் பெரியவர் நாற்காலியை நிறுத்தச் சொன்னார். மூங்கிலைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். சொட்டும் பானையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"மருமவனே, இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான் மாமா."

அவர் நெஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினார். தையல் போட்ட நெஞ்சு வலிக்கிறதோ என்று பயந்தேன். சிரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது.

"ஓலை நல்லா நெருக்கமாத்தான் இருக்கு. என்னையப் படுக்க வையி."

படுக்கவைத்தேன். "குளுமையா இருக்குவே" என்றார். "தங்கச்சி வந்துட்டாளா?"

"வாசல்ல கார் சத்தம் கேக்குது மாமா."

"விழாவுக்கு வாங்கி வச்சிருக்க அந்த ரோசாப்பூ மாலைய எடுத்து என் மேல போடு. போட்டுட்டுப் போயிக் கதவத் தொற."

மாலையைப் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். நான் ஓடிப்போய், என் படைப்பு முழுசாகத் தெரிய வேண்டுமே என்று, இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டேன்.

பேராச்சி அத்தை வாசற்படிக்கு வெளியே நின்றார். கையில் பழத்தட்டு, முகத்தில் அத்தனை வருஷத்துக் கோபம். பார்வை நேராகக் கட்டிலில் விழுந்தது. தட்டு கீழே விழுந்தது.

"யண்ணே...!"

அந்தக் குரலுக்கு வெளியே நாதஸ்வரம் பாதியில் நின்றது. அத்தை படியைத் தாண்டினாரா, பறந்தாரா என்று எனக்குத் தெரியாது. கட்டிலின் காலடியில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டார். கூட வந்த பெண்களும் அழுதார்கள். பின்னாலேயே ஓடிவந்த அண்ணாச்சி, "அப்பா, இப்பந்தானே இறக்கிவிட்டேன்" என்று அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு லாபி இத்தனை பேரை அழவைத்து நான் பார்த்ததில்லை. ஒரு நொடி பெருமையாகக்கூட இருந்தது, அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும். அப்போது ஒரு பெரிய மனிதர் என் தோளைத் தொட்டு, "தம்பி, எத்தன மணிக்கு எடுக்காவ?" என்று கேட்டார். அப்புறம்தான் என் கட்டிலை நானே பார்த்தேன்.

அத்தை அழுதுகொண்டே இருந்தார். "வாசல மிதிக்க மாட்டேன்னு சொன்னேனே, பாவி. லாரி கவுந்ததுக்கு நீ என்னண்ணே செய்வ? எனக்கு அப்பவே தெரியுமே. ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டேனே..."

பெரியவரின் மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"நெசமாவே அப்பவே தெரியுமா, தாயி?"

அடுத்து எழுந்த கூச்சல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டதாகச் சொல்கிறார்கள். அத்தைக்கு அண்ணனை அடிக்க வேண்டும் போல இருந்திருக்கும். தையல் போட்ட நெஞ்சில் அடிக்க முடியாது. சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்தில் நான் நின்றேன். வாசலில் சிந்திக் கிடந்த வாழைப்பழச் சீப்பு ஒன்றை எடுத்துவந்து என் முதுகு கொண்ட மட்டும் அடித்தார்.

கட்டிலைக் கொல்லை வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். லாபி முழுக்க மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினார்கள். மத்தியானம் பந்தியில் அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கடைசி இலையில் முதுகு வலியோடு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தபோதே எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

மாடி அறைகள் சென்னைக் கம்பெனிக்குப் போய்விட்டன. அவர்கள் சுவரில் பிளாஸ்டிக் கொடி படரவிட்டார்கள், யாரும் அழவில்லை. ஆட்டோக்காரர்களிடம் ஹோட்டல் பெயரைச் சொன்னால் இப்போதும், "பாடை வச்ச ஹோட்டலா?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் வீட்டில் நான் மத்தியானம் கண் அசந்தால், வாப்பா என் மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறார். "ஒரு பாய விரிலேன்னு சொன்னேன்" என்பதையும் விடாமல் சொல்கிறார்.

பெரியவர் அதன்பிறகு நல்லபடியாக இருந்து, ஒரு ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார். அண்ணாச்சி போன் செய்தார். "அப்பா சொல்லிட்டுப் போயிருக்காவ மாப்ளே. ஓலை நீதான் பின்னணுமாம்."

போனேன். கொல்லையில் அதே ஆழ்வார்திருநகரிக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒரு கீற்றை என் பக்கம் தள்ளினார். நானும் முடைந்தேன். கண்ணீர் மறைத்ததில் இரண்டு இடத்தில் தப்பாகப் போனது.

அத்தை தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் சாவுக்கு அழாமல் இருக்கிறாளே என்று பெண்களுக்குள் முணுமுணுப்பு. ஒருத்தி கேட்டே விட்டாள்.

"நான் ஹோட்டல்லயே அழுதுட்டேம்லா" என்றார் அத்தை. "அன்னைக்கு எங்கண்ணன் கேட்டுக்கிட்டுக் கெடந்தான். இன்னைக்கு அழுதா யாரு கேக்கப் போறா?"

பிறகு கையை நீட்டி ஓலையைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு இன்னும் நெருக்கமா இருந்துது, மருமவனே."