கல்யாணக் காரை வில்லன் காராக்கிய கதை

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சான்று சொல்லியிருக்கிறேன். அந்த ஆள் ஒரு கார். சொன்ன சான்றும் தப்பு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திண்டுக்கல் நாகல் நகரில் கார் சீட் கவர் தைக்கும் கடை வைத்திருந்தேன். (இப்போதும் அதே கடைதான். புத்தி மட்டும் கொஞ்சம் தேறியிருக்கிறது என்கிறார்கள்.) கை தைத்துக்கொண்டிருக்கும், கண் போனில் உளவாளிப் படம் பார்த்துக்கொண்டிருக்கும். ஹீரோ யாரைச் சுட்டால் எனக்கென்ன? அவன் முதல் காட்சியில் ஓட்டிய அதே காரைத்தான் கடைசியிலும் ஓட்டுகிறானா, நடுவில் வேறு காரை மாற்றிவிட்டார்களா, இதுதான் என் கவலை. கதவில் விழுந்த சொட்டை, விளக்கில் கீறல், சீட்டில் தையல் போகும் போக்கு எல்லாவற்றையும் ஒப்பிட்டு, ‘இது அசல், இது டூப்பு’ என்று போனில் எழுதிப் போடுவேன். நாற்பது ஐம்பது பேர் ‘சூப்பர் ப்ரோ’ என்பார்கள். அது போதாதா, என் கால் தரையில் பாவுவதை நிறுத்திவிட்டது.

கடைக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் மலர் வேலை பார்த்தாள். அவளைப் பார்ப்பதற்காகவே என் ஆதார் அட்டையை விடாமல் ஜெராக்ஸ் எடுத்தேன். (“இம்புட்டு காப்பிய வச்சு என்ன செய்றீங்க, சுவத்துல ஒட்டுறீங்களா?” என்று ஒரு நாள் கேட்டாள். நாங்கள் பேச ஆரம்பித்தது அப்படித்தான்.) ஒரு வருஷம் பேசிய பிறகு, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு சாணார்பட்டியில் இருக்கும் அவள் அப்பா ஆண்டியப்பனிடம் பெண் கேட்டுப் போனேன்.

அவர் வீட்டு வாசலில் ஒரு கறுப்பு பிளசர் கார் நின்றது. அந்தக் காலத்தில் ஓர் உளவாளிப் படத்தின் படப்பிடிப்பு அந்தப் பக்கத்துப் பொட்டல் காட்டில் நடந்ததாம். (படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எங்கள் மாமா இன்னொரு தடவை போட்டுக் காட்டுவார்.) ஹீரோவுக்கு ஒரு கறுப்புக் கார். அதே மாதிரி ஒரு காரைக் கொண்டுவந்து ஏமாற்றி, வில்லன் கதாநாயகியைத் தூக்கிப் போய்விடுவான். படம் முடிந்ததும் ஒரு கார் சென்னைக்குப் போனது, இன்னொன்றை ஆண்டியப்பனின் அப்பா வாங்கிவிட்டார். அது ஹீரோ ஓட்டிய கார் என்பது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. சந்தனம் குங்குமம் வைத்து, வீட்டுப் பெண்களைக் கல்யாணத்துக்கு அதில்தான் அனுப்புவார்கள்.

மலரின் அக்கா கலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டில் ஒருவர், “வந்தது ரெண்டு வண்டியில்ல? நின்னது எதுன்னு யாரு கண்டா?” என்று சிரித்துவிட்டாராம். ஆண்டியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

“தம்பி, நீங்கதேன் படத்து வண்டியெல்லாம் கண்டுபிடிக்கிறீகன்னு மலர் சொல்லுச்சு. நம்ம வண்டியப் பாத்து, இதுதேன் ஹீரோ வண்டின்னு கல்யாணத்தன்னைக்குச் சபையில சொல்லிப்புடுங்க. அப்புறம் மலர் விசயத்தப் பேசுவோம்” என்றார்.

அடடா! மாப்பிள்ளைத் தேர்வில் எனக்குத் தெரிந்த ஒரே பாடத்தில் கேள்வி வந்திருக்கிறதே என்று துள்ளினேன்.

போனில் தேடி ஒரு தளத்தில் படத்தைப் பிடித்தேன். படத்தில் ஹீரோவின் கார் ஒரு மைல் கல்லில் உரசிப் பின்கதவில் சொட்டை விழும். வில்லனின் கார் மாட்டு வண்டியில் இடித்து அதற்கும் பின்கதவில் சொட்டை விழும். பக்கம்தான் வேறு. என் போனில் ஹீரோ காருக்கு இடது பக்கம், வில்லன் காருக்கு வலது பக்கம். சாணார்பட்டிக்கு ஓடினேன். கார் துணியை விலக்கினேன். சொட்டை இருந்தது. வலது பக்கம்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் உட்கார்ந்தேன். ஒரு டாக்டரின் காருக்குச் சீட் கவரை உள்பக்கம் வெளியே வரும்படி தைத்துக் கொடுத்தேன். பொய் சொன்னால் மலர் கிடைப்பாள், என் நிபுணத்துவம் போய்விடும். உண்மையைச் சொன்னால் நிபுணத்துவம் நிற்கும், மலர் போய்விடுவாள். மலரிடமாவது வீடியோவைக் காட்டியிருக்கலாம். ஆனால் நிபுணன் போய் ஜெராக்ஸ் கடையில் யோசனை கேட்பானா?

ஆண்டியப்பனிடம் தனியாகச் சொல்ல இரண்டு தடவை போனேன். “ஐயா, அந்த வண்டி விசயம்...” என்று ஆரம்பித்தாலே, “எதுன்னாலும் சபையில சொல்லுங்க அப்பு!” என்று முதுகில் தட்டி இட்லியை வைத்துவிடுவார்.

கல்யாண நாள். ஏழரைக்கு முகூர்த்தம் ஆரம்பம், திண்டுக்கல்லில் மண்டபம். ஆறு மணிக்கே கார் மல்லிகைச் சரத்தோடு வாசலில் நின்றது. கலா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெண்ணை அழைத்துப் போக பைக்குகளில் வந்த மாப்பிள்ளை வீட்டார் சுற்றி நின்றார்கள். ஆண்டியப்பன் கையைத் தட்டினார்.

“செத்த நேரம் எல்லாரும் கேளுங்க! தம்பி இப்பச் சொல்லுவாக!”

போனை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். கூட்டத்தில் மலர் நின்று என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது வாயை மூடியிருக்க வேண்டும். பாழாய்ப்போன நிபுணன் விடவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ நீதிமன்றத்தில் நிற்பதுபோல், “பின்கதவின் சொட்டையை வைத்து ஆராய்ந்ததில், இது ஹீரோ ஓட்டிய கார் அல்ல. கதாநாயகியைக் கடத்திச் சென்ற வில்லனின் கார்!” என்றேன்.

கார் கதவு திறந்தது. பட்டுச் சேலையோடு கலா இறங்கினாள்.

“நான் இதுல போகமாட்டேன்ப்பா.”

“அடப் பாவி!” ஆண்டியப்பனின் அக்கா என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். “பொண்ணத் தூக்கிட்டுப் போன வண்டியிலயா எங்க பொண்ண ஏத்துறது? இத ஏறுறதுக்கு முந்திச் சொல்லித் தொலச்சா என்ன? ஒனக்கு வாயா அது?”

மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஆண்டியப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஆறு இருபது. வேறு வண்டி பிடிக்க நேரமில்லை. மாலைகளை இறக்க நிலக்கோட்டையிலிருந்து வந்திருந்த பூ வேன் மட்டும் தெருவில் நின்றது. கலா டிரைவர் பக்கத்தில் ஏறினாள். அத்தைமார்கள் பின்னால் காலிப் பூக்கூடைகளுக்கு நடுவில் ஏறினார்கள். “நெருக்காதடீ, சேலை கசங்குது!” என்ற சத்தத்தோடு வேன் கிளம்பியது.

வில்லன் காரில் ஏற ஆள் இல்லை. ஆண்டியப்பன் ஓட்டினார். முன்சீட்டு முழுக்கச் சீர்த் தட்டு. ஆகவே நான் மணப்பெண் உட்கார வேண்டிய இடத்தில், மல்லிகைச் சரங்களுக்கு நடுவில், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஜனங்கள் மணப்பெண்ணைப் பார்க்க எட்டிப் பார்த்தார்கள். மீசையைப் பார்த்துத் திகைத்தார்கள்.

மண்டபத்தை நெருங்கும்போது ஆண்டியப்பன் வாய் திறந்தார். “எங்கப்பா சாகுற வரைக்கும் இத ஹீரோ வண்டின்னுதேன் தொடச்சாரு, தம்பி.” குரல் உடைந்திருந்தது. “சாப்புட்டுட்டுப் போங்க. மலர் விசயத்த மறந்துருங்க.”

எனக்கு அழுகை வந்துவிட்டது.

தாலி கட்டு நல்லபடியாக முடிந்தது. பந்தியில் ஓர் ஓரமாக, இலையைப் பார்த்தபடி இருந்தேன். மலர் வந்து கையை நீட்டினாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

“போனக் குடுங்க. எத வச்சுச் சொன்னீங்கன்னு பாப்போம்.”

நின்றபடியே பார்த்தாள். புருவம் ஏறியது.

“ஏங்க, இந்தக் கதாநாயகி முந்தானைய எந்தத் தோள்ல போட்டிருக்கா?”

“வலது தோள்ல.”

“நான் எதுல போட்டிருக்கேன்?”

“இடது.”

“இந்தப் பந்தியில இருக்க அம்புட்டுப் பேரும்?”

பார்த்தேன். அத்தனை பேரும் இடது தோள். (பந்தியில் இருந்த பெண்களையெல்லாம் வரிசையாகப் பார்த்தும் அடி வாங்காமல் தப்பியவன் நான் ஒருவன்தான்.)

“ஹீரோ பீச்சாங்கையால சோறு திங்கிறாரு, அதுவும் கண்ணுல படலையா? களவாப் படம் போடுறவங்க மாட்டிக்காம இருக்க, இடது வலதா மாத்திப் போடுவாங்கன்னு ஊருக்கே தெரியும். நீங்க பாத்தது கண்ணாடியில பாத்த மாதிரிப் படம். எங்க வண்டி ஹீரோ வண்டிதான், அறிவாளி!”

ஸ்டீரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று கேட்பீர்கள். இடது பக்கம்தான் இருந்தது. உளவாளி, வெளிநாட்டுக் கார் வைத்திருப்பான், பிறகு இங்கே மாற்றியிருப்பார்கள் என்று நானே விளக்கம் எழுதி வைத்திருந்தேன். நம்பர் பிளேட்? உளவாளிக்கு எதற்கு நம்பர் பிளேட் என்று படத்திலேயே கழற்றியிருந்தார்கள்.

பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு மேடைக்கு ஓடினேன். பாட்டுக் கச்சேரிக்காரரிடம் மைக்கை வாங்கினேன். “காலையில் நான் சொன்னது தப்பு. படத்தைத் தலைகீழாக... இல்லை, பக்கம் மாற்றிப் பார்த்துவிட்டேன். அது ஹீரோ கார்தான். வில்லன் நான்தான். எல்லாரும் மன்னிக்கணும்” என்றேன். மண்டபம் அதிரச் சிரித்தது. மணமேடையில் கலாவும் சிரித்தாள்.

ஆண்டியப்பன் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வெளியே போனார். தோளில் இருந்த துண்டால் காரின் சொட்டையைத் துடைத்தார். திரும்பி வந்து, “எலையில பாயசம் ஆறுது, உக்காருங்க” என்றார்.

அடுத்த தையில் எங்கள் கல்யாணம். மலர் ஹீரோ காரில் வந்தாள். மாப்பிள்ளை பூ வேனில்தான் வரவேண்டும் என்பது மாமா போட்ட ஒரே நிபந்தனை. கல்யாண ஆல்பத்தில் முதல் போட்டோ, நான் கூடைக்குள் விழுந்து கிடப்பதுதான்.

இன்றைக்கும் வீட்டில் நான் எதையாவது அடித்துப் பேசினால், மலர் எதிர்த்துப் பேசுவதில்லை. முந்தானையை எடுத்து வலது தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்து நிற்பாள். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் பழைய ஜீப் ஒன்று வாங்கி வந்தார். “இது ஏதோ உளவாளிப் படத்துல வந்ததுன்னு சொல்றாங்களே, நீங்க பாத்துச் சொல்லுங்க சார்” என்றார். ஜீப்பைச் சுற்றி வந்து, தொண்டையைச் செருமினேன். வாசலில் நாற்காலியில் இருந்த மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். இடது தோளில் கிடந்த துண்டை மெதுவாக எடுத்து வலது தோளில் போட்டுக்கொண்டார்.

“ஜீப் நல்லா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.