ஒட்டினவருக்கே தெரியாத ஒட்டு

“நான் ஒட்டினா, ஒட்டு எங்கேன்னு ஒட்டின எனக்கே தெரியாது!”

நஞ்சன்கூடு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற வேலாயுதம் இதைச் சொல்லாத நாளில்லை. மருமகள் ஸ்வாதி இதை நம்பிய நாளும் இல்லை. அவர் ரிப்பேர் செய்த மிக்ஸி, சட்னியைப் பக்கத்து வீட்டுச் சுவரில்தான் அரைத்தது. ஃபேன், காற்றை மேலே அனுப்பிப் பல்லிகளைக் குளிர்வித்தது.

“பேடா மாமா, வேண்டாம், சும்னே இருங்க. இனிமே எதையாச்சும் ரிப்பேர் பண்ணினீங்க, உங்க டூல்ஸ் பெட்டி பழைய இரும்புக் கடைக்குத்தான்!”

அன்று காலையிலும் எச்சரித்துவிட்டுத்தான் ஹெப்பாள் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அந்தப் பெட்டி போனால் வேலாயுதத்துக்கு வலது கை போன மாதிரி.

அன்றைக்கென்று பார்த்து ஒரு கரப்பான் பூச்சி. அதைத் துரத்திக்கொண்டு சமையல் மேடை மூலையிலிருந்த அரிசி டிரம்மைத் தூக்கியவர், கனம் தாங்காமல் ‘டங்’கென்று போட்டார். நகர்த்திப் பார்த்தால், பால் போன்ற அக்ரிலிக் மேடையில் ஒரு விரிசல்!

“போச்சு கனகா, ஒடச்சுப்போட்டேன்!”

மனைவி கனகா எட்டிப் பார்த்தாள். “ஏனுங்க, அவ ஆசையாப் போட்ட மேடையாச்சே! பேசாம டிரம்மை மேலயே வெச்சுப்போடுங்க.”

“எத்தனை நாளைக்கு? அரிசி தீராதா?”

தண்ணீர்த் தொட்டிக்கு வைக்கும் பசையை அப்பினார். காக்கை எச்சம் போலக் காய்ந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். நூலாக இருந்த விரிசல் கபினிக் கால்வாய் ஆனது. அதில் வெள்ளை சிமென்ட்டைக் கொட்டினார். கட்டுப் போட்ட புண் போலிருந்தது.

“வெள்ளையில இத்தனை வெள்ளையா!” என்று நொந்துகொண்டு அதையும் பெயர்த்தார்.

கைப்பேசியில் ஒரு வீடியோ வழி சொன்னது. அதே மேடையின் தூளைப் பசையில் குழைத்து அடைக்க வேண்டுமாம். சிங்க் பதிக்க அந்த மேடையிலிருந்து வெட்டியெடுத்த துண்டுதான் கனகாவின் சப்பாத்திப் பலகை.

“என்ற பலகையில கை வெச்சீங்கன்னா பாருங்க!”

“கை எங்க வெச்சேன்? அரந்தானே வெக்கறேன்.”

சப்பாத்திப் பலகை பூரிப் பலகையாகச் சுருங்கியது.

அடைத்தது காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தார். அந்த இடம் மட்டும் மின்னி, மற்ற இடமெல்லாம் அழுக்காகத் தெரிந்தது. சரி என்று முழு மேடையையும் தேய்த்தார். சமையலறையில் பனி பெய்தது. கனகா தும்மிய தும்மலில் சாமுண்டி மலையே ஓரடி தள்ளி உட்கார்ந்தது.

சாயங்காலம் துடைத்துவிட்டு, கண்ணாடி போட்டுத் தடவிப் பார்த்தார்.

“கனகா, எங்க ஒட்டினேன்?”

“என்னைக் கேட்டா?”

வேலாயுதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷம் சொன்னது, முதல் தடவையாக நடந்திருக்கிறது! டிரம்மைப் பழையபடி வைத்தார்.

ஸ்வாதி தனியாக வரவில்லை. மேடை போட்ட கடையின் மேஸ்திரி பாலன் கூட வந்திருந்தார். வேலாயுதம் டூல்ஸ் பெட்டியை அவசரமாகக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

“அத்தை, நல்ல சேதி! இந்த மேடை போன தீபாவளிக்கே தானா விரிசல் விட்டுடுச்சு. மாமா கண்ணுல பட்டா ரிப்பேர் பண்ணிடுவாருன்னு டிரம்மை வச்சு மறைச்சிருந்தேன். மாசக்கணக்கா சண்டை போட்டு, இன்னைக்குத்தான் புது மேடையே ஃப்ரீயா தர்றேன்னு ஒத்துக்கிட்டாங்க. விரிசலை நேர்ல ஒரு தடவை பார்த்தாப் போதுமாம்!”

டிரம்மை நகர்த்தினாள். பாலன் குனிந்தார். டார்ச் அடித்தார். நகத்தால் வருடினார்.

“நாங்க குடுக்கற புது மேடைகூட இவ்வளவு நல்லா இருக்காதுங்க மேடம். விரிசல் எங்கே?”

ஸ்வாதி தேடினாள். வேலாயுதமும் மனசாரத் தேடினார். கிடைக்கவில்லை.

ஸ்வாதியின் பார்வை மாமாவின் மீசைக்குப் போனது. அதில் இன்னும் வெள்ளைத் தூள் ஒட்டிக்கொண்டிருந்தது.

“ஒத்துக்கறேன் மாமா,” என்றாள் ஈனஸ்வரத்தில். “ஒட்டு எங்கேன்னு யாருக்குமே தெரியலை.”