பதினாலு பேருக்காகத் தூக்கிய ஜீப்

படிக்காதவர்கள் செய்யும் தவறுக்கும் படித்தவர்கள் செய்யும் தவறுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. படிக்காதவர்களின் தவறு கொஞ்ச நாளில் மறந்துபோகும். படித்தவர்கள் அதைத் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, கையெழுத்தும் வைத்துக் கொடுப்பார்கள். நான் கையெழுத்து வைத்தவள்.

எங்கள் வம்சத்தில் ஃபார்ம் சிக்ஸ் (பன்னிரண்டாம் வகுப்பு) வரை படித்த முதல் ஆள் நான்தான். (இதை யாரும் கேட்காமலே சொல்லிவிடும் பழக்கம் அப்போது எனக்கு இருந்தது. இப்போதும் கொஞ்சம் உண்டு.) ஃபிஜித் தீவில், சவேனியில் எங்கள் கரும்புத் தோட்டத்தைச் சுற்றியிருந்த சொந்தக்காரர்களுக்கு வருகிற கடிதம், மருந்துப் புட்டி, கரும்பாலை நோட்டீஸ் எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். அந்த வருடம், இந்தியர்களுக்கு இங்கே இடமில்லை என்று ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்ததால் எல்லாவற்றையும்விட விசா பாரம்தான் அதிகம் வந்தது. ஒரு வீட்டில் கட்டில் பீரோ விற்கிறார்கள் என்றால் "எந்த ஊருக்கு?" என்றுதான் கேட்பார்கள். "ஏன்?" என்று கேட்பவர் யாரும் இல்லை.

அப்பாவின் அக்கா அலமேலு அத்தைக்கு சிட்னியில் இருந்த மகனிடம் போக விசா வந்தது. குறிப்பிட்ட ஒரு தேதிக்குள் அங்கே போய் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் காகிதம். அலைந்து பிடித்த டிக்கெட், அந்தத் தேதிக்கு முந்தின நாள் பிற்பகலுக்குத்தான் கிடைத்தது. அதை விட்டால் வேறு விமானம் இல்லை.

எங்கள் வீட்டுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை இருக்கிறது. மழை பிடித்தால் அது தன்னைக் கடல் என்று நினைத்துக்கொள்ளும். அதற்கு முந்தின மாதம்தான் பக்கத்துத் தோட்டத்துக்காரரை ஏற்றிக்கொண்டு போன எங்கள் பழைய ஜீப் நடு ஓடையில் தண்ணீர் குடித்து நின்றுபோனது. அவர் தன் பெட்டியின்மேல் உட்கார்ந்தபடியே, தான் போக வேண்டிய விமானம் தலைக்குமேல் போவதைப் பார்த்துக் கையாட்டினார்.

அத்தைக்கு அப்படி ஆகிவிடக் கூடாது என்று அப்பாவுக்குப் பயம். ஒரு நாள் கரும்புக் கத்தியைத் தீட்டிக்கொண்டே சொன்னார் (எங்கள் பேச்சில் வண்டி என்றால் காடி):

"செல்வி, காடியக் கொஞ்சம் ஒசத்தணும். என்னா ஸ்ப்ரிங்கு, என்னா டயருன்னு நீயே பாத்துச் சொல்லு. நீதான படிச்சவ."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அத்தை மகன் சிட்னியிலிருந்து அனுப்பிய ஒரு கேட்டலாக் என்னிடம் இருந்தது. அதில் சிவப்பு மண்ணில், மலை உச்சியில், ஆற்றின் நடுவில் என்று விதவிதமாக ஜீப்புகள் நின்றன. எல்லாவற்றிலும் டயர்கள் என் இடுப்பு உயரத்துக்கு இருந்தன. மூன்று நாள் மனப்பாடம் செய்துவிட்டு, நான்காம் நாள் பக்கத்து நகரமான லௌடோகாவில் இருந்த இஸ்மாயில் பாய் பட்டறைக்குப் போனேன். வெட்டுக்கிளி மாதிரி ஒல்லியான மனிதர். வண்டியின் அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பேசுவார். பேசுவது எங்கள் ஊர் இந்தி. இங்கே தமிழில் தருகிறேன், மகளே என்று அர்த்தம் வரும் அந்த 'பேட்டி'யைத் தவிர.

"ரெண்டு அங்குலம் தூக்கினா போதும், பேட்டி. இப்ப இருக்கிற டயரே போதும்."

"நாலு அங்குலம் பாய். டயரும் இது." கேட்டலாக்கை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "டயர் பெரிசானா வண்டி இன்னும் ஒசரும். கணக்கு."

"கணக்கு சரி. ஆனா டயர் நிக்க மட்டும் செய்யாதே, திரும்பவும் செய்யுமே?"

"அதெல்லாம் பாத்துட்டேன்." (பார்க்கவில்லை.)

அவர் பெருமூச்சு விட்டு ஒரு தாளை எடுத்தார். "சரி. வண்டியில எப்பவும் எவ்வளவு பாரம் இருக்கும்?"

புத்தியுள்ள யாராக இருந்தாலும் "அப்பா, ரெண்டு உர மூட்டை" என்று சொல்லியிருப்பார்கள். என் கண்முன்னே வந்தது வேறு. எங்கள் வீட்டில் ஒருவர் விமானம் ஏறினால் சொந்தம் பூராவும் விமான நிலையத்துக்குப் போகும். போகாதவரின் பெயர் அடுத்த மூன்று கல்யாணங்களில் அடிபடும். கோயிலுக்கும் அப்படித்தான், ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான். அந்த ஜீப்பை நான் காலியாகப் பார்த்ததே இல்லை.

"எழுதி எடுத்துட்டு வரேன்" என்றேன்.

மறுநாள் மளிகைக்கடைத் தராசில் சொந்தக்காரர்களை நிறுத்தினேன். அரிசி மூட்டை நிறுக்கிற தராசு அது. பெண்கள் வளையலைக் கழற்றிவிட்டு ஏறினார்கள். ஒரு மாமா எடை காட்ட வேண்டும் என்பதற்காக இடுப்பில் கரும்புக் கத்தியோடு ஏறினார். முனியம்மா சித்தி ஏறவே மாட்டேன் என்றாள்.

"என்னாடி இது, நானு என்னா உருளக்கிழங்கா?"

"கணக்குக்கு வேணும் சித்தி."

"அம்பது கிலோன்னு போட்டுக்கோ."

"சித்தி, உங்க பொண்ணே அம்பத்தஞ்சு."

"அப்ப அவள அம்பதுன்னு போடு, என்னிய நாப்பத்தொம்போதுன்னு போடு!"

கடைசியில் நான் கண்ணால் மதிப்பிட்டு எண்பத்திரண்டு என்று எழுதினேன். அதிலிருந்து இரண்டு வாரம் சித்தி என்னோடு பேசவில்லை. அப்பா, அம்மா, அத்தை, நான் உட்படப் பதினாலு பேர். அத்தையின் இரண்டு பெட்டிகள். கூட்டி, கோடு போட்டு, கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

இஸ்மாயில் பாய் அதை வெகுநேரம் பார்த்தார். "இது லாரி ஸ்ப்ரிங், பேட்டி."

"பாரத்துக்குத் தகுந்த ஸ்ப்ரிங், பாய்."

"இத்தனை பேரும் எப்பவும் இருப்பாங்களா?"

"வேற எங்க போவாங்க?" என்றேன். அந்த வருடம் ஊர் முழுவதற்கும் விசா பாரம் நிரப்பிக்கொண்டிருந்த அதே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு.

பயணத்துக்கு முந்தின நாள் பாய்தான் ஜீப்பைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்கியபோது அவர் தொப்பி காதுவரை இறங்கியிருந்தது. முகத்தில் ரத்தம் இல்லை. "நாளைக்கு எல்லாரும் ஏறுங்க. ஒரு ஆளைக்கூட விட்டுடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறேன் என்று அப்பா எவ்வளவோ சொல்லியும் நடந்தே மெயின் ரோட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்தோம். அத்தை பட்டுச்சேலையில் வந்து ஜீப்பை அண்ணாந்து பார்த்தாள்.

"என்னாடி இது, காடியா, பரணா? இதுல எப்படிடி ஏறிக் குந்தறது?"

ஒரு முக்காலி போட்டு, இரண்டு பேர் மேலிருந்து இழுத்து, மூன்று பேர் கீழிருந்து தள்ளி ஏற்றினோம். எல்லோரும் ஏறியதும் ஜீப் மெல்ல இறங்கி மெத்தைபோல உட்கார்ந்தது. என் கணக்கு! நெஞ்சு நிறைந்து போனது. ஓடைக்கு வந்தோம். அதில் ஒரு கொக்கின் கால் நனையும் அளவுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. இருந்தாலும், வண்டி எவ்வளவு உயரமாகப் போகிறது பாருங்கள் என்று எல்லோருக்கும் சொன்னேன்.

ஓடையைத் தாண்டி இடது பக்கம் திரும்பியபோது கர்ர்ர் என்று ஒரு சத்தம். பிறகு புகை.

"செல்வி, என்னா நாத்தம் இது?" என்றார் அப்பா.

ரப்பர் கருகும் நாற்றம். பதினாலு பேர் உட்கார்ந்தால் வண்டி சரியான உயரத்துக்கு இறங்கும். அப்படி இறங்கினால் என் இடுப்பளவு டயர் இடது திருப்பத்தில் மட்கார்டைக் கடிக்கும். (வலது பக்கம் எப்படியோ தப்பித்தது. இன்றுவரை காரணம் தெரியாது.) ஆகவே எல்லோரும் இறங்க வேண்டும், காலி வண்டி திரும்ப வேண்டும், எல்லோரும் மறுபடி ஏற வேண்டும். மெயின் ரோட்டில் ஏறுவதற்குள் இரண்டு இடது திருப்பம். முக்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்த முனியம்மா சித்தி, இரண்டு வாரம் கழித்து என்னிடம் முதல் முறையாகப் பேசினாள்:

"எண்பத்திரண்டுன்னா எழுதின? இப்ப எறங்கி ஏறியே அம்பதாயிட்டேன்டி!"

மெயின் ரோட்டில் கொஞ்ச தூரத்தில் ராணுவச் சோதனைச்சாவடி. பூசணிக்காய் போன்ற தோள்களோடு ஒரு ஃபிஜிய சார்ஜென்ட் கை காட்டி நிறுத்தினார். இந்தியர்கள் அதிகமுள்ள தவுவா பக்கத்தில் வளர்ந்தவர் போலும், எங்களைவிட நன்றாக இந்தி பேசினார்.

"இது என்ன, ஊர்வலமா? கூட்டம் கூடக்கூடாது. ஆர்டர். டிரைவர், பயணி, துணைக்கு ஒருத்தர். மத்தவங்க இறங்குங்க."

கெஞ்சினோம். ஆர்டர் ஆர்டர்தான் என்றார். வேறு வழியில்லாமல் பதினோரு பேரும் அங்கேயே, துப்பாக்கிகளுக்கு நடுவில், அத்தைக்கு மாலை போட்டு அழுதுவிட்டு இறங்கினார்கள். ஒவ்வொருவர் இறங்கும்போதும் ஜீப் ஒரு விரற்கடை உயர்ந்தது. சித்தி இறங்கியபோது இரண்டு விரற்கடை. சிப்பாய்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

அப்பா கிளட்சை விட்டார். வண்டி ஓடவில்லை, குதித்தது. சாலையில் ஒரு கூழாங்கல் இருந்தால்கூட நாங்கள் மூவரும் சீட்டிலிருந்து எழுந்து உட்கார்ந்தோம்.

"தம்பீ! மெதுவாடா! எலும்பு பூரா கழலுது!"

"மெதுவாத்தாங்க்கா போறேன்! அதுதான் குதிக்குது!"

சாவடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், கரும்பு ரயிலின் தண்டவாளம் சாலையைக் கடக்கிற இடம் வந்தது. முன்சக்கரம் ஏறியது. அத்தை எழுந்தாள், கம்பியில் தலை இடித்தாள், உட்கார்ந்தாள். ஒரு பெட்டியும் எழுந்தது, ஆனால் உட்காரவில்லை. பின்னால் பறந்து தண்டவாளத்தின்மேல் விழுந்து வாயைத் திறந்தது. சேலைகள், மிளகாய்த்தூள், துணியில் சுற்றிய மாங்காய் ஊறுகாய் பாட்டில்கள் எல்லாம் சாலையில் உருண்டன.

சாவடியிலிருந்து சார்ஜென்டும் சிப்பாய்களும் துப்பாக்கியோடு ஓடி வந்தார்கள். நாங்கள் கையைத் தூக்கினோம். சிப்பாய்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்பாவாடை பொறுக்க ஆரம்பித்தார்கள்.

அத்தை சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நான் போவல. என் மவன் மூஞ்சியப் பாக்கறதுக்குள்ள இந்தக் காடி என்னியக் கொன்னுடும்."

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"ஈசா!" என்று பரிதாபப்பட்டார் சார்ஜென்ட். "சிஸ்டர், இது ஏன் இப்படிக் குதிக்குது?"

நான் நிமிர்ந்து நின்று ஆங்கிலத்தில் விளக்கினேன். (அழுதுகொண்டேதான். ஆனால் இலக்கணப் பிழையில்லாமல்.) இது பதினாலு பேருக்காகத் தயாரிக்கப்பட்ட வண்டி என்றேன்.

"நான் இறக்கிவிட்ட அந்தப் பதினோரு பேர் எங்கே?"

நான் சாலையைக் காட்டினேன். தூரத்தில், தலையில் முக்காலியோடு சித்தி நடந்துகொண்டிருந்தாள்.

சார்ஜென்ட் தாடையைச் சொறிந்தார். "ஆர்டர்ல பொதுமக்கள் கூடக்கூடாதுன்னுதான் இருக்கு" என்றார் மெதுவாக. "சிப்பாய்ங்க கூடக்கூடாதுன்னு இல்லை."

இருப்பதில் பெரிய ஆட்களாக ஆறு பேரைக் கூப்பிட்டார். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒவ்வொருவரிடமும் எடை கேட்டு எழுதினேன். இரண்டாவது ஆளே நூற்றிருபது. ஆறு பேரோடு கணக்கு நேராக வந்தது. அவர்கள் ஏறியதும் ஜீப் மெல்ல இறங்கி, மெத்தைபோல உட்கார்ந்தது.

அலமேலு அத்தை, பட்டுச்சேலை, கழுத்து நிறைய மாலை, சுற்றிலும் ஆறு துப்பாக்கி. இப்படித்தான் விமான நிலையம் இருக்கும் நாந்திக்குப் போனோம். எதிரே வந்த லாரிகள் தாமாகவே ஒதுங்கின. பாதி வழியில் அத்தை பூரிப் பொட்டலத்தைப் பிரித்தாள். "திங்குங்கடா பசங்களா, எளைச்சிப் பூட்டீங்கன்னா காடி குதிக்கும்" என்று தமிழிலேயே சொல்லி ஊறுகாயோடு கொடுத்தாள். அவர்களுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. "வினாகா, வினாகா" என்று நன்றி சொல்லி அத்தனையும் தின்றார்கள். என் கணக்கில் பூரி சேர்க்கப்படவில்லை என்று எனக்குக் கவலை.

விமான நிலையத்துக்குள் ஓர் இடது திருப்பம் இருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர்களில் மூத்தவன் ஒரு அதட்டல் போட்டான். ஆறு பேரும் ஒரே நேரத்தில் குதித்தார்கள், வண்டி உயர்ந்தது, திரும்பியது, ஆறு பேரும் ஒரே நேரத்தில் ஏறினார்கள். எங்கள் சொந்தக்காரர்களுக்குக் கால் மணி நேரம் பிடித்த வேலை. அங்கே நின்றவர்கள் அத்தையை மந்திரியின் தாயார் என்று நினைத்தார்களோ, கைது செய்யப்பட்டவர் என்று நினைத்தார்களோ, வரிசை இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. அத்தை முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் நடுவில் நடந்து போனாள்.

கதவு வரை போனவள் திரும்பி வந்தாள். என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

"நல்லாப் படிச்சடி" என்றாள். அது பாராட்டா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் விமானம் போயிற்று, அத்தையும் அதில் போனாள்.

அப்பா அந்த ஸ்ப்ரிங்கை மாற்றவே இல்லை. மாற்றலாம் என்றால் இஸ்மாயில் பாயே ஆக்லாந்துக்குப் போய்விட்டார். பிறகு மாமா கனடாவுக்குப் போனார், சித்தி பிரிஸ்பேனுக்கு. நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயராக அடித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் ஜீப் கொஞ்சம் உயர்ந்துகொண்டே போனது. இப்போது அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர்தான். கோயிலுக்குப் போகும்போது அம்மா மடியில் ஒரு உர மூட்டையை வைத்துக்கொள்கிறாள். எந்த நாட்டிலிருந்து போன் வந்தாலும் முதல் கேள்வி, "காடி எறங்கிச்சா?" என்பதுதான்.

போன மாதம் என் கல்யாணப் பத்திரிகையை எல்லா ஊருக்கும் அனுப்பினேன். பதில்கள் வரத் தொடங்கியிருக்கின்றன. வாழ்த்து, வருகிற தேதி, பிறகு சொல்லிவைத்தாற்போல எல்லோருமே தங்கள் எடையை எழுதியிருக்கிறார்கள். சித்தி மட்டும் ஐம்பது என்று எழுதியிருக்கிறாள். அத்தையின் கடிதம் நேற்று வந்தது. மகனைக் கொண்டு எழுத வைத்திருக்கிறாள்:

"நான் எழுபத்தெட்டு கிலோ. பேரனுங்க மூணு பேர், அவங்களத் தனியா எழுதிக்கோ. எடது பக்கம் திரும்பறப்ப இந்த வாட்டி நானு எறங்க மாட்டேன், டயர் கருகினா கருவட்டும்."

நோட்டுப் புத்தகத்தில் புதுப் பக்கம் திருப்பியிருக்கிறேன். இதுவரை இருபத்தொரு பேர்.