ஏழாவது நிறுத்தத்தின் கண்ணீர்

பல தலைமுறை அரசர்கள் படை நடத்தியும் சாதிக்க முடியாத ஒன்றை, பழைய தெருக்களை நடத்திச் சுற்றிக்காட்டும் அந்த நகரத்தின் மரபு நடைப் பிரிவு ஒரே ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு சாதித்தது. ஊருக்கு வரலாறு உண்டாக்கியது.

படிவத்தில் ஏழு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு நிறுத்தம், நிறுத்தத்துக்கு ஒரு ‘மறைந்த கதை’. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் படிவம் திரும்பி வந்துவிடும். அந்தத் தெருக்களில் ஏழு கதைகள் உண்டா என்று கேட்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது.

பழைய நகரப் பகுதியின் வழிகாட்டி கடமையே கண்ணான மனிதர். மணிக்கூண்டு, மூடிய கிணறு, கோணல் பாலம் என்று கால் தேய அலைந்து ஆறு கட்டங்களை நிரப்பிவிட்டார். ஏழாவது அவரைப் பாடாய்ப் படுத்தியது. படிவத்தைக் கொடுக்க வேண்டிய நாளன்று காலையில், தன் வீட்டு வாசலில் தேநீர்க் கோப்பையோடு நின்று தெருப்பக்கச் சுவரை வெறித்துக்கொண்டிருந்தார். மாடி ஜன்னலுக்குக் கீழே குழாய்க் கசிவு நீளக் கறையாக இறங்கியிருந்தது. பேனா தானாக ஓடியது.

‘பயணம் போன வணிகன் திரும்பவில்லை. அவன் மனைவி இந்த ஜன்னலில் நின்று பதினாறு ஆண்டுகள் அழுதாள். அந்தக் கண்ணீர் இன்றும் காயவில்லை.’

படிவம் ஏற்கப்பட்டது. சனிக்கிழமைதோறும் நாற்பது பேர் அவர் வீட்டு முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினார்கள். புதுமணத் தம்பதிகள் கறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒருவர் கையை ஒருவர் இறுகப் பிடித்துக்கொண்டார்கள். இவ்வளவு பேரை ஒரு குழாய் உருக்கிய வரலாறு வேறெங்கும் இல்லை.

உருகாத ஒரே ஆள் வழிகாட்டியின் மனைவி. அவள் தையல்காரி. அந்தச் சுவருக்கு உட்புறம்தான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. பிளம்பரைக் கூப்பிடச் சொல்லிப் பதினொரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அந்த வணிகன் பொண்டாட்டி எப்பதான் அழுகையை நிறுத்துவா?”

“அடுத்த வாரம் சொல்றேன்மா.”

“யார்கிட்ட, அவகிட்டயா?”

வழிகாட்டி பிளம்பரைக் கூப்பிட அனுமதி கேட்டுப் பிரிவுக்கு எழுதத்தான் செய்தார். ‘வரலாற்றுக் கண்ணீரைப் பழுதுபார்க்க விதிகளில் இடமில்லை’ என்று பதில் வந்தது. கோடையில் மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்து, கறையும் சுருங்கியது. பிரிவின் மரபுச் சின்னப் பாதுகாப்பு அலுவலர் வந்து டேப்பால் அளந்துவிட்டுப் போனார். கண்ணீர் இரண்டு அங்குலம் குறைந்திருப்பதாகவும், குடியிருப்போரின் அலட்சியமே காரணம் என்றும், தினமும் காலையில் ஒரு வாளி நீர் ஊற்றி அதன் ‘தொன்மையை’ப் பேண வேண்டும் என்றும் கடிதம் வந்தது.

மனைவி எழுவதற்கு முன்பே ஊற்றிவிடுவது என்று வழிகாட்டி திட்டமிட்டார். ஒன்பது நாள் பலித்தது. பத்தாம் நாள், வாளியும் கையுமாக மாட்டிக்கொண்டார்.

அவள் பள்ளிக்கூடத்துக்காகத் தைத்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துக் காட்டினாள். இருபத்திரண்டிலும் பூஞ்சைப் புள்ளி.

“எங்க அக்கா வீட்டுச் சுவர் நல்லாக் காஞ்சிருக்கு. சனிக்கிழமை நான் மெஷினோட அங்க போறேன். நீங்க இந்த அழுமூஞ்சியோடவே குடும்பம் நடத்துங்க.”

பிரிவின் புதன்கிழமைக் கூட்டத்தில் வழிகாட்டி எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டார். ஏழாவது நிறுத்தம் தன் சொந்தக் கற்பனை, அது வெறும் குழாய்க் கசிவு என்றார். பிரிவுத் தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீங்க வழிகாட்டி. உண்டுன்னு சொல்றதுதான் உங்க வேலை. இல்லைன்னு சொல்றதுக்கு வேற பிரிவு இருக்கு.”

“அது எங்க மேடம் இருக்கு?”

“இன்னும் ஆரம்பிக்கல.”

வழிகாட்டி பணிச்சுமையால் உணர்ச்சிவசப்பட்டார் என்று கூட்டக் குறிப்பில் எழுதி, அதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டு, தேநீர் குடிக்கக் கலைந்தார்கள்.

சனிக்கிழமை நாற்பது பேரும் ஜன்னலுக்குக் கீழே கூடினார்கள். ஜன்னல் வழியே மனைவி மெஷினுக்கு உறை போட்டுக் கட்டுவது வழிகாட்டிக்குத் தெரிந்தது. பதினாறு ஆண்டு அழுத கதையை ஆரம்பித்தார். அதே ஜன்னல், உள்ளே ஒரு மனைவி, போகப் போகிறவள் அவள்தான். கதையைப் பாதியில் நிறுத்தினார்.

“இந்தக் கண்ணீர் எங்கேயிருந்து வருதுன்னு இப்ப நேர்லயே பார்த்துடலாம்” என்றார்.

வழிகாட்டி முந்தின நாளே சொல்லிவைத்து, கூட்டத்தில் நாற்பத்தொன்றாவது ஆளாக நின்றிருந்த பிளம்பர், ஏணியைச் சாய்த்து ஏறிப் பையிலிருந்து உளியை எடுத்தார். நாலே தட்டில் காரை உதிர்ந்தது. உள்ளே குழாயின் மூட்டில் ஏதோ துணி சுற்றியிருந்தது. பிளம்பர் அதை உருவிப் பிழிந்து விரித்தார். நீலக் கட்டம் போட்ட சட்டை.

மனைவி கீழே இறங்கி வந்து காலரைத் திருப்பித் தையலைப் பார்த்தாள்.

“இது கல்யாணத்துக்கு முன்னாடி நான் உங்களுக்குத் தைச்சுக் கொடுத்தது. பஸ்ல தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னீங்க.”

“நாலு வருஷத்துக்கு முன்னாடி குழாய் மூட்டு விட்டுப்போச்சு. நானே சரி பண்ணிடலாம்னு... சுத்திக் கட்ட வேற துணி கிடைக்கல.”

“தையல்காரி வீட்டில துணி கிடைக்கல.”

கூட்டத்தில் ஒரு பெரியவர் நோட்டில் ஆண்டைக் குறித்துக்கொண்டார். ஒரு பெண்மணி தன் கணவரைத் திரும்பிப் பார்க்க, அவர் அவசரமாகக் கோணல் பாலம் இருந்த திசையைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர், மற்ற ஆறு இடங்களிலும் இதே மாதிரி உடைத்துக் காட்டுவீர்களா என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார்.

மனைவி சட்டையையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தும் முடியவில்லை. “பார்க்கலாம், இது துவைச்சா தேறுமான்னு” என்று சொல்லி உள்ளே போனாள். சட்டையைச் சொன்னாளா, ஆளைச் சொன்னாளா என்று வழிகாட்டி கேட்டுக்கொள்ளவில்லை. மெஷின் உறை கழற்றப்படும் ஓசை கேட்டதே அவருக்குப் போதுமாக இருந்தது. மாலைக்குள் மூட்டு மாற்றப்பட்டு, சுவர் காய ஆரம்பித்தது.

திங்கட்கிழமை மெமோ வந்தது. மரபு நடைப் பிரிவின் கண்டிப்புக்கும் நேர்மைக்கும் அதைவிடச் சிறந்த சான்று இருக்க முடியாது.

‘தாங்கள் பணி நேரத்தில், பொதுமக்கள் முன்னிலையில், முன் அனுமதியின்றி, உண்மை ஒன்றை ஆதாரத்துடன் காட்டியதாகத் தெரியவருகிறது. இப்பிரிவு தொடங்கிய நாள்முதல் இத்தகைய புகார் எவர்மீதும் எழுந்ததில்லை என்பதைக் கருத்தில்கொண்டு, மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.’