அரை டாக்டரின் டப்பா

மகளுக்கு மருந்து சாப்பிடும் முறையைக் கற்றுக்கொடுத்தே தீருவது என்று அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவர் முடிவெடுத்தார். முடிவெடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதற்கப்புறம் நடப்பதில்தான் தகராறு.

பெரிய கோடவுன் ஒன்றில் சூப்பர்வைசர். முத்திரை இல்லாத காகிதம், லேபிள் இல்லாத அட்டைப்பெட்டி இரண்டும் அவரைத் தாண்டி உள்ளே போனதில்லை. லாரி டிரைவர்கள் அழுதிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருந்தார். அதில் இருநூறு மாத்திரைகள். அட்டையோடு வைத்தால் டப்பா மூடவில்லை என்று ஒவ்வொன்றையும் கத்தரிக்கோலால் தனித்தனியாக வெட்டிப் போட்டிருந்தார். வெட்டியதில் பேர் போயிற்று, தேதி போயிற்று. நிறம் மட்டும் மிச்சம். மஞ்சள் ஜலதோஷத்துக்கு. வெள்ளை எந்த வலிக்கும். ரோஸ், படபடப்புக்கு. தெருவில் யார் தும்மினாலும் ஒரு மஞ்சளோடு போய் நிற்பார். 'அரை டாக்டர்' என்று பேர் வைத்தார்கள். மனிதர் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டார்.

கிண்டலோடு போயிருந்தால் பரவாயில்லை. போன மாதம் பத்தாம் வகுப்பு மகள், பரீட்சைக்குப் பயந்த தோழிக்கு அப்பா பாணியில் ஒரு ரோஸ் கொடுத்தாள். தோழி கணக்குப் பரீட்சையை முழுசாகத் தூங்கிக் கழித்தாள். தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பி, இவள் தாயாரை நிற்கவைத்துக் கேட்டார். விஷயம் தெரிந்ததும் அரை டாக்டர் சொன்னது இதுதான்: "பாதி கொடுத்திருக்கணும். டோஸ் தெரியல பொண்ணுக்கு."

அன்றைக்கு மனைவி வாயே திறக்கவில்லை. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவர் அதற்காவது பயந்திருக்க வேண்டாமோ?

அந்த ஞாயிறு காலை, மனைவி ஒரு ஃபாரத்தை நீட்டினாள். "ஸ்கூல்ல வீட்டுக்கு வீடு கேக்கறாங்களாம். அப்பா அம்மால யாராவது பிள்ளைக்கு மருந்தைப் பத்திச் சொல்லிக்கொடுத்து, வீட்டு மருந்தை எல்லாம் பிள்ளையை விட்டே செக் பண்ணச் சொல்லி, கையெழுத்துப் போடணுமாம். நான் சொல்லிக்கொடுத்துடட்டுமா?"

"நீயா? உனக்கு என்ன தெரியும்? நான் எடுக்கறேன் கிளாஸ்!"

"சரிங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக.

சாப்பாட்டு மேஜையில் வகுப்பு. மகள் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தாள். மனைவி எதிரில் பீன்ஸ் நறுக்கினாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"முதல் பாடம். பேர் தெரியாத மருந்தை வாயில வைக்கவே கூடாது."

மகள் டப்பாவுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். "இது பேர் என்னப்பா?"

"வெள்ளை."

"அது நிறம்."

"வெள்ளைல பெரிசு."

மகள் எழுதிக்கொண்டாள். அந்தப் பேனா ஓடுகிற சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை. "அடுத்தது, தேதி. காலாவதியானதைத் தொடக்கூடாது."

"இதுல தேதி எங்கப்பா?"

"வெட்டினதுல போயிடுச்சு. ஆனா எனக்கு ஞாபகம் இருக்கு."

"சொல்லுங்க."

"நம்ம ஃப்ரிட்ஜ் வாங்கினப்போ வாங்கினது."

"எந்த ஃப்ரிட்ஜ்?" என்றாள் மனைவி, பீன்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதா, இதுக்கு முந்தினதா?"

அவர் காதில் விழாதவர்போல அடுத்த பாடத்துக்குத் தாவினார். "அடுத்தவங்களுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்ததை நாம சாப்பிடக்கூடாது."

"இந்தப் பச்சை யாரோடது?"

"எதிர் வீட்டு மாமாவோடது. நல்லாக் கேக்குது."

"அவருக்கு எதுக்குக் கொடுத்தாங்க?"

"முட்டிக்கு."

"நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"...இருமலுக்கு."

மகள் கேப்சூல்கள் ஐந்தை வரிசையாக அடுக்கினாள். போன வருஷம் அவருக்குத் தொண்டையில் கிருமி வந்தபோது டாக்டர் ஏழு நாளைக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக். மூன்றாம் நாள் குரல் திரும்பியதும் நிறுத்தியவர், மிச்சத்தை 'எதுக்கும் இருக்கட்டும்' என்று பத்திரப்படுத்தியிருந்தார். டாக்டர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்லி ஐந்து நிமிஷம் ஆகவில்லை.

தப்பிக்க வழி தேடி மூளை சுழன்றது. பளிச்சென்று ஒன்று கிடைத்தது. மேஜையைத் தட்டினார்.

"சபாஷ்! எல்லாத்தையும் கண்டுபிடிச்சிட்டியே! உனக்கு டெஸ்ட் வைக்கத்தான் இப்படி எல்லாம் போட்டு வச்சிருந்தேன்!"

மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். முகம் அப்படி மலர்ந்தது.

"அதானே பாத்தேன்! உங்கப்பா எவ்வளவு விவரமானவர்! சரிடி, நீ பாஸ். டெஸ்ட்தான் முடிஞ்சிடுச்சே, இந்த டப்பா இனிமே எதுக்கு? மருந்துக்கடை அம்மா பழைய மருந்தைத் திருப்பி வாங்கிக்கறாங்க. கொண்டு போய்க் கொடுத்துட்டு வா."

அவர் வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. டெஸ்ட் என்று சொன்னதும் அதே வாய்தானே.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா" என்று மகள் அலமாரியிலிருந்து அவருடைய பிரஷர் மாத்திரையை எடுத்தாள். மனைவி வாங்கியதால் அது மட்டும் கத்தரிக்குத் தப்பியிருந்தது. "ஒண்ணாம் தேதி முப்பது. தினம் காலைல ஒண்ணு. இன்னிக்குப் பதினெட்டு. பன்னெண்டு இருக்கணும். இருபத்தஞ்சு இருக்கு."

"குட்டி போட்டிருக்குமோ?" என்றாள் மனைவி. சிரிக்கவில்லை.

"அது... தலை சுத்தல, ஒண்ணும் இல்ல, அதான் நிறுத்திப் பாத்தேன். சரி, இப்பவே விட்டதை எல்லாம் சேத்துப் போட்டுடறேன்!"

"ஐயோ அப்பா! விட்டதைச் சேத்துப் போடவே கூடாது. நாமளா நிறுத்தவும் கூடாது. நாளைக்கு டாக்டர்கிட்ட போய் நடந்ததைச் சொல்றீங்க. நானும் வரேன்."

பேச்சு முடிந்தது. ஃபாரம் அவர் முன்னால் வந்தது. படிக்க மனசில்லாமல் கையெழுத்துப் போட்டார். டப்பா காலியாகத் திரும்பி வந்தது.

மறுநாள் டாக்டர் வேறு தனியாக ஒரு மூச்சுத் திட்டினார். வீடு திரும்பியவருக்கு ஒரு சந்தேகம். "ஆமா, ஃபாரத்தைக் கொடுத்தியா? டீச்சர் என்ன சொன்னாங்க?"

மகள் ஃப்ரிட்ஜைக் காட்டினாள். அதன் கதவில் ஒட்டியிருந்தது ஃபாரம். அப்போதுதான் முழுசாகப் படித்தார். கடைசி வரி: 'இன்று முதல் இவ்வீட்டு மருந்துகளின் பொறுப்பு மகளுடையது, அவளிடம் கேட்காமல் தொடமாட்டேன்.' கீழே அவர் கையெழுத்து. மேலும் கீழும் தேடினார். பள்ளியின் பேர் இல்லை. முத்திரை இல்லை. லாரி டிரைவர்களை அழவைத்தவருக்கு மண்டை விண்ணென்று தெறித்தது.

"தலை வலிக்குது. ஒரு வெள்ளை எடு."

"எப்போலேருந்துப்பா? மத்தியானம் சாப்பிட்டீங்களா? தண்ணி குடிச்சீங்களா?"

"முதல்ல இதுக்குப் பதில் சொல்லு. இந்த ஃபாரத்தை எந்த டீச்சர் கொடுத்தாங்க?"

மகள் அவர் கையில் ஒரு டம்ளர் தண்ணீரைத் திணித்தாள்.

"அடுப்படியில இருக்காங்க. குடிச்சிட்டுப் போய்க் கேளுங்க."