டாலாவுக்கும் பாங்காவுக்கும் எட்டுப் பொருத்தம்

சமோவா நாட்டுக் காசான டாலாவுக்கும் டோங்கா நாட்டுக் காசான பாங்காவுக்கும் நடுவே தினமும் என்ன நடக்கிறது என்று கவலைப்பட உலகத்தில் ஒரே ஒரு தமிழர்தான் இருந்தார். அவரோடு நான் வேலை பார்த்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் முழுசாகத் தீரவில்லை.

நியூசிலாந்தில், ஈஸ்ட் டாமாக்கி என்ற இடத்தில், பசிபிக் தீவுகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கிடங்கு. அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், யாழ்ப்பாணத்துக்காரர். சம்பளச் சீட்டில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கும், எங்களுக்கு அவர் 'ரேட் அண்ணை'. காலை டீ இடைவேளையில் நாங்கள் பிஸ்கட்டை முக்கிக்கொண்டிருப்போம். அவர் இரண்டு நாட்டுக் காசுக்கும் நியூசிலாந்து டாலரில் என்ன விலை என்று பார்த்து, ஒன்றை ஒன்றால் கையாலேயே வகுத்து, நாலு தசமம் வரை கொப்பியில் எழுதுவார். சமோவாவுக்கும் போனதில்லை, டோங்காவுக்கும் போனதில்லை. இரண்டு நாட்டு நோட்டையும் தொட்டதுகூட இல்லை.

வேலையில் சேர்ந்த அன்று என் பிறந்த தேதியைக் கேட்டார். ஏதோ வாழ்த்தப்போகிறார் என்று நினைத்துச் சொன்னேன். ஒரு பழைய கொப்பியைப் புரட்டினார்.

"அண்டைக்கு டாலா நல்லா விழுந்து கிடந்திருக்கு, தம்பி" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில்.

தான் ஆரம்பிப்பதற்கு முந்தைய வருஷங்களை, லைப்ரரியில் உட்கார்ந்து பழைய பேப்பர்களைத் தேடித் தேடி நிரப்பியிருக்கிறார். கூரை எப்போது ஒழுகியது என்று மேனேஜர் கேட்டால், பாங்கா சறுக்கின வாரத்து வியாழக்கிழமை என்பார். மேனேஜர் தலையில் கை வைத்துக்கொள்வார். ஆனால் தேதி சரியாக இருக்கும்.

"ஏன்ணே இதெல்லாம்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"முந்தி இஞ்ச ஒரு சமோவாக்காரனும் ஒரு டோங்காக்காரனும் வேலை செய்தவை. ஆரின்ரை காசு பெரிசு எண்டு சண்டை. நீ பொதுவான ஆள், நீ பார்த்துச் சொல்லு எண்டவை."

"சொன்னீங்களா?"

"ஒருநாள் ரேட்டை வச்சு எப்பிடிச் சொல்லுறது? கொஞ்ச நாள் பார்ப்பம் எண்டு துவங்கினனான். அவை ரெண்டு பேரும் ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டினம்."

போய் இருபது வருஷம் ஆகியிருந்தது.

தினக் கணக்கு போக, ஒவ்வொரு வருஷக் கடைசியிலும் கொப்பியில் ஒரு சுருக்கப் பக்கம் போடுவார். நடுவில் காலியிடம் விட்டு, சுற்றிலும் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கட்டம். பக்கத்தில் இன்னொரு பன்னிரண்டு கட்டம், அது பாங்காவிலிருந்து டாலாவுக்கு. கொப்பிகள் நனைந்துவிடும் என்று பயந்து, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துத் தரச் சொன்னார். எடுத்தேன். வினை அங்கேதான் வந்தது.

அப்போது நானும் ஷாலினியும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருந்தோம். அவள் கிளென்ஃபீல்டில் நர்ஸ். அவளுக்குச் செவ்வாய் தோஷம். திருநெல்வேலியில் இருக்கும் என் அம்மா ஜாதகம் சேராமல் ஓரடி நகரமாட்டாள், அப்பாவும் இல்லை, அவளை மீறி எனக்கு எதுவும் செய்ய மனமில்லை. ஷாலினியின் ஜாதகத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னாள். போனில் இருந்த படத்தைச் சரியாகக்கூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா கூப்பிட்டாள். "எட்டுப் பொருத்தம்ல. பொண்ணு வந்த நேரம் கடல் தாண்டிக் காசு வருமாம். தசமத்தோட இவ்வளவு சுத்தமா யாரு கணிச்சதுன்னு ஜோசியரே அசந்து போயிட்டாரு."

தசமம் என்றதும் போனைக் காதிலிருந்து எடுத்தேன். அனுப்பிய படத்தைத் திறந்து பார்த்தேன். டாலாவும் பாங்காவும்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் கல்யாணம் நடந்துவிடும். மூடிக்கொண்டுதான் இருந்தேன். ரேட் அண்ணையிடம் மட்டும், தோஷம் உட்பட எல்லாவற்றையும் வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"அம்மாவுக்குப் போனைப் போடும்" என்றார்.

அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. போட்டேன். வாங்கி ஸ்பீக்கரில் வைத்தார்.

"வணக்கம் அம்மா. உங்கட மகன் அனுப்பினது பிள்ளையின்ரை சாதகம் இல்லை. அது என்ரை கொப்பி. சமோவாக் காசுக்கும் டோங்காக் காசுக்கும் உள்ள ரேட்."

"அப்ப எட்டுப் பொருத்தம்னாரே?" என்றாள் அம்மா.

"அது பிழையில்லை. இருபது வருசமாப் பார்க்கிறன். ஒருக்கா இது ஏறும், ஒருக்கா அது ஏறும். ஒண்டை ஒண்டு விட்டிட்டுத் தூரப் போகேல்லை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "பிள்ளைக்குச் செவ்வாய் தோசமும் இருக்காம்" என்று சேர்த்தார். நான் அப்படியே அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"இதையெல்லாம் நீங்க ஏன் அண்ணாச்சி சொல்லுதீய?"

"பிறகு தெரிய வந்தா, அந்தப் பிள்ளைதானே வாழ்நாள் முழுக்கப் பேச்சுக் கேக்கோணும்."

அம்மா போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தேன்.

"பொண்ணுக்கும் காசுக்கும் வித்தியாசம் தெரியாத ஜோசியன் வாக்கக் கேட்டா நான் இத்தன வருஷம் நல்லநாள் பாத்தேன்?" அம்மாவின் குரலே உடைந்திருந்தது. கொஞ்சம் தேறி, "அந்தப் பிள்ளைய எனக்குப் பேசச் சொல்லு. நானே பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஷாலினி பேசினாள். முதல் நாள் பத்து நிமிஷம், அடுத்த நாள் ஒன்றரை மணி நேரம். என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.

பாபடோயிட்டோயில் ஒரு ஹாலில் கல்யாணம் நடந்தது. அம்மா வந்திருந்தாள். தாய்மாமன் யார், மாப்பிள்ளைக்கு மாலை போட வரட்டும் என்றார் ஐயர். அம்மா கூடப் பிறந்தவர்கள் இல்லாதவள். மூன்றாவது வரிசையில் புது வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, வாங்க."

அவர் தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். பிறகு எழுந்து வந்தார். மாலையைப் போட்டு, இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்தார், என் கண் கலங்கிவிட்டது.

அன்றிலிருந்து நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறேன்.